ஐம்பத்தெட்டால் வகு

எஸ்.பி. ரோட்டில் மாடிப்படிக்கு அடியில்
லேக்ராஜ் கடை. பக்கவாட்டில்தான் நுழையலாம்.
சென்சார் எழுபது. போர்டு இருநூற்று நாற்பது.
ரெசிஸ்டர் பத்துக்குக் குறைந்து தரமாட்டான்;
எனக்கு வேண்டியது ஆயிரம் ஓமில் ஒன்று,
இரண்டாயிரத்தில் ஒன்று.
ஒரிஜினலா என்றேன்.
‘ஓடும்’ என்றான்.

கக்கதாசபுராவில் பன்னிரண்டு வீடு, ஒரே சம்ப்.
மார்ச் பிறந்தால் டேங்கர்.
ஆறாயிரம் லிட்டர் எங்கே போகிறதென்று
யாராவது கணக்கு வைக்க வேண்டுமாம்.
பொருளாளர் சுதீந்திர பட் என்னைப் பார்த்தார்:
‘நீங்க எஞ்சினியர்தானே?’
இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள்.
சுவரில் ஆணி அடித்ததில்லை.

முதல் ராத்திரி சால்டரிங் முனை விரலைத் தொட்டது.
இரண்டாம் ராத்திரி பிளஸ்ஸை மைனஸில் மாட்டிவிட்டேன்.
தாளிக்க வைத்த கடுகை மறந்துபோன வாசனை.
மறுபடி லேக்ராஜ்.
‘ஓடலியா?’
‘ஓடியே போச்சு.’
அவன் சிரிக்கவில்லை. இருநூற்று நாற்பது.

பார்த்தால் இரண்டு கண் மாதிரி இருக்கும் அந்தச் சென்சார்.
கண் இல்லை. ஒன்று வாய், மற்றது காது.
நமக்குக் கேட்காத குரலில் ஒரு கத்தல்;
தண்ணீரில் பட்டுத் திரும்பும்வரை பொறுமை;
போய்வந்த மைக்ரோ விநாடிகளை
ஐம்பத்தெட்டால் வகு. சென்டிமீட்டர்.

ஐஸ்கிரீம் டப்பா மூடியில் இரண்டு ஓட்டை போட்டு
சம்ப்பின் வாயில் கவிழ்த்து வைத்தேன்.
போனில் ஒரு நீலக்கோடு நடக்கத் தொடங்கியது.
அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை.
ஆபீஸில், பஸ்ஸில், கக்கூஸில்
தண்ணீர் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினம் விடிகாலை மூன்று நாற்பதுக்கு
கோடு அறுந்தது.
எதிரொலி இல்லை. இருபது நிமிஷம் வெறும் பூஜ்யம்.
பிறகு ஒட்டிக்கொள்ளும்,
நான்கு சென்டிமீட்டர் கீழே.
எங்கள் சம்ப்பில் அது இருநூற்று நாற்பது லிட்டர்.

போலிச் சரக்கு என்று லேக்ராஜைத் திட்டினேன்.
சால்டரைச் சுரண்டி மறுபடி வைத்தேன்.
ஈரம் என்று நினைத்தேன். கரப்பான் என்று நினைத்தேன்.
பத்து தடவை அளந்து நடுவில் உள்ளதை எடுக்கச் சொன்னேன்.
மூன்று நாற்பது. பூஜ்யம். நான்கு.

ஐந்தாம் நாள் அலாரம் வைத்து இறங்கினேன்.

வாட்ச்மேன் மனைவி ஹனுமவ்வா
குனிந்திருந்தாள், கையில் கயிறு.
பின்னால் பக்கத்துக் கட்டடத்தின்
தகரக் கொட்டகைப் பெண்கள், பெயிண்ட் வாளிகளோடு.
வாளியோடு வாளி இடிக்காமலிருக்க இடையில் பழந்துணி.
யாரும் பேசவில்லை.
என் டப்பாவை, வயர் இழுபடாமல் எடுத்து,
சுவரோரம் பத்திரமாக மல்லாக்க வைத்திருந்தாள்.
அது வானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.
வானத்திலிருந்து எதுவும் திரும்பி வரவில்லை.

என்னைக் கண்டதும் கயிறு நின்றது.
‘பாக்ஸிகெ ஏனூ ஆகில்ல அக்கா.’
பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.
தலையாட்டிவிட்டு மேலே வந்தேன்.
படியில் லைட் போடவில்லை.

சனி இரவு பதினோரு வரி எழுதினேன்.
மூன்றரையிலிருந்து நாலேகால்வரை
பழைய எண்ணையே திரும்பச் சொல்.
விட்டுப்போன நான்கு சென்டிமீட்டரை
ஆறு முதல் ஒன்பதுவரை
கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு;
பன்னிரண்டு வீட்டுக் குளியலோடு கலந்துவிடும்.
அதற்கு மேலே ஒரு குறிப்பு:
ஈரப்பதத் திருத்தம்.

ஞாயிறு மீட்டிங்கில் பட்
கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.
‘காலையிலதான் ரொம்ப போகுது.’
எல்லோரும் மூன்றாம் மாடி நிவேதிதாவைப் பார்த்தார்கள்.
இரட்டைக் குழந்தை, தினம் துவைக்கிறாள்.
‘பாத்துக்கறேன்’ என்றாள் அவள்.
நான் லேப்டாப்பை மூடினேன்.

இப்போது துணியை ஒன்றுவிட்டு ஒருநாள்தான் போடுகிறாளாம்.
லிஃப்டில் சொன்னாள், என்னைப் பாராட்டி.
இன்னும் இரண்டு வரி திருத்த வேண்டும்:
ஆறு முதல் ஒன்பது என்பதை
இரவெல்லாம் ஒழுகுகிற மாதிரி.
ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடுவார்கள்.

மீதி பதினெட்டு ரெசிஸ்டர் மேசையில் கிடக்கின்றன,
பழுப்பு கறுப்பு சிவப்பு,
சிவப்பு கறுப்பு சிவப்பு.
மணி இரண்டே முக்கால்.